யாண்டுண்டு கொல்லோ: கழிந்த காலத்தைக் கவிதை எப்படிப் பிடிக்கிறது?

அம்மாப்பேட்டைத் தறி
ஞாயிறு, இரவு 9.10

போன வாரம் அப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், திருமணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. கீழே ஆறு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கறுப்புத் தண்ணீர், அதன்மேல் நுரை, கரையில் பிளாஸ்டிக் குப்பை. அப்பா தன் கைத்தடியை ஆட்டோவுக்கு வெளியே நீட்டி, "இங்கேதான் நான் தலைகீழாகக் குதிப்பேன்" என்றார். அவருக்கு வயது எண்பத்து நான்கு. ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது.

அன்றிரவு புறநானூற்றின் 243ஆம் பாட்டை எடுத்துப் பார்த்தேன். கல்லூரியில் படித்தது. ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீருக்கு மேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் மருள, திவலை தெறிக்க, 'நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து, குளித்து மணற்கொண்ட கல்லா இளமை'. பிறகு கேட்கிறார்: 'அளிதோ தானே, யாண்டுண்டு கொல்லோ?' இப்போது அவர் பூண் போட்ட தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசுகிற பெருமூதாளர்.

அந்த 'துடுமென' என்ற ஒரு சொல்லில் இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. பாலத்தின்மேல் அப்பா சொன்னதும் இதே பாட்டுத்தான். அதைக் கேட்டுத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

இப்படிக் கழிந்த காலத்தைத் தொட்ட பாடல்கள் எவை, அவை எப்படித் தொடுகின்றன என்று இங்கே பேசலாமா? ஒரே ஒரு வேண்டுகோள். 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, இந்தக் காலத்தில் எல்லாம் கெட்டுப்போய்விட்டது' என்ற புலம்பல் வேண்டாம். அதற்கு எங்கள் தெரு டீக்கடையே போதும்.


நன்னூல் நாற்காலி
ஞாயிறு, இரவு 10.02

நல்ல பாட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது அந்தப் புலவரின் பெயர். தொடித்தலை விழுத்தண்டினார் என்பது அவருக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் அன்று. பாட்டில் வருகிற 'தொடித்தலை விழுத்தண்டு' என்ற தொடரையே தொகுத்தவர்கள் பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாரும் இந்த வகைதான். ஆளின் பெயர் போய்விட்டது, கைத்தடி நின்றுவிட்டது. 1894இல் உ.வே.சா. புறநானூற்றை அச்சேற்றாமல் இருந்திருந்தால் தடியும் செல்லரித்திருக்கும்.

இரண்டாவது, 'யாண்டு'. யாண்டு என்றால் எங்கே என்று பொருள். யாண்டு என்றால் வருடம் என்றும் பொருள். 'யாண்டு பலவாக நரையில ஆகுதல்' என்று பிசிராந்தையார் பாடுவது வருடத்தை. 'யாண்டுண்டு கொல்லோ' என்று இவர் கேட்பது இடத்தை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இளமை ஓர் ஊரைப் போல எங்கேயோ இருக்கிறது, வழிதான் தெரியவில்லை என்று கிழவர் நம்புகிறார். 'எப்போது போயிற்று' என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள்.

'அளிதோ தானே' என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரங்கத்தக்கது என்று அவர் சொல்வது தன்னை அன்று, இளமையை. வழி தவறிய பிள்ளைக்கு இரங்குவதைப் போல.


டிக்கெட் கிழித்தவன்
திங்கள், காலை 6.15

வாத்தியார் ஐயா சொன்னது சரிதான். காலத்தைக் கேட்டால் நம் ஆட்கள் இடத்தைத்தான் காட்டுவார்கள். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன் சொல்கிறேன்.

சேலத்தில் 'பழைய பேருந்து நிலையம்' என்றும் 'புதிய பேருந்து நிலையம்' என்றும் இரண்டு இருக்கின்றன அல்லவா? பழையதை இடித்துவிட்டு ஈரடுக்காகப் புத்தம் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போது பழையதுதான் புதியது, புதியதுதான் பழையது. பெயர் மட்டும் மாறவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம், "ஐயா, எது பழையது?" என்று கேட்டார். பதில் சொல்ல அரை நிமிடம் ஆயிற்று.

ஏற்காடு சாலையில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று குரல் கொடுப்போம். ஆட்களும் இறங்குவார்கள். அங்கே ஸ்டூடியோ எங்கே இருக்கிறது? வளைவு ஒன்றுதான் நிற்கிறது. படம் எடுத்ததெல்லாம் எங்கள் அப்பா காலத்தோடு சரி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இல்லாத இடத்தின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லி, அங்கே மனிதர்களை இறக்கிவிட்டவன் நான். அது கவிதையா இல்லையா என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.


நன்னூல் நாற்காலி
திங்கள், காலை 8.40

கவிதைதான் ஐயா, அதற்கு இலக்கணமும் இருக்கிறது. 'கழிவே ஆக்கம் ஒழியிசைக் கிளவி என்று அம்மூன் றென்ப மன்னைச் சொல்லே' என்பது தொல்காப்பியம், இடையியல். 'மன்' என்ற இடைச்சொல்லுக்கு மூன்று பொருள், அவற்றில் முதலாவது கழிவு. 'முன்பு அப்படி இருந்தது, அது போயிற்று' என்ற முழுச் சேதியையும் ஓர் அசை சுமக்கிறது.

இதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் நம் பக்கத்து ஆளைப் பற்றியது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235. தகடூர் என்பது தருமபுரி. 1965இல் பிரியும்வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தானே, அதனால் நமக்கும் பங்கு உண்டு. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். மன்னே. நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தானும் மகிழ்ந்து குடிப்பான். மன்னே. இப்படி ஏழு மன்னே. ஏழாவதில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும்: 'நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே'. நரந்தப் பூ மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான்.

ஒவ்வொரு மன்னேயும் ஒரு கதவைச் சாத்துகிறது. அதற்குப் பிறகுதான் அவன் மார்பில் தைத்த வேல் வருகிறது. அதன்பின் வருகிற கேள்வியைப் பாருங்கள்: 'ஆசாகு எந்தை யாண்டுளன் கொல்லோ'. மறுபடியும் அதே யாண்டு.

நடத்துநர் ஐயா, நீங்கள் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று கூவினீர்களே, அதன் முடிவில் எழுதாத ஒரு மன்னே இருக்கிறது.


கேள்விக்குறி
திங்கள், மதியம் 1.25

எல்லாம் அழகாக இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டை அண்ணன் அவருடைய அப்பா ஆற்றில் குதித்ததைச் சொன்னார். என் தாத்தாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் இருந்திருக்கும், இருந்திருந்தால். அவர் அந்தத் துறையில் குதித்திருக்க முடியாது. குதித்திருந்தால் ஆற்றிலிருந்து எழுந்தபின் என்ன நடந்திருக்கும் என்பதை எங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆகவே 'கழிந்ததே' என்று நீங்கள் ஏங்கும்போது, 'நல்லவேளை கழிந்தது' என்று சொல்ல இந்த இழையில் ஒருவராவது வேண்டும்.

கழிந்த காலத்தை நினைத்து உருகுவதற்குக் கழிந்த காலத்தில் கொஞ்சம் சொத்து இருந்திருக்க வேண்டும். கிழவருக்கு மருதத்துறை இருந்தது, பாரி மகளிருக்குக் குன்று இருந்தது, ஔவைக்கு அதியமானின் கள் இருந்தது. எதுவுமே இல்லாதவர் எந்த மன்னே போடுவார்? பாரதி சொன்னதுதான் எனக்குப் பிடிக்கும். 'சென்றதினி மீளாது மூடரே'. இன்று புதிதாய்ப் பிறந்தோம் என்று எண்ணச் சொன்னவர் அவர்.


மட்டுறுத்துநர்
திங்கள், மாலை 4.00

திரைப்பாடல் வரிகளை மட்டும் வரிசையாக இட்ட மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. கேள்விக்குறிக்கு வந்த ஒரு தரக்குறைவான பதிலையும் நீக்கியாயிற்று. எழுதியவருக்குத் தனிமடலில் காரணம் சொல்லப்பட்டுள்ளது.


பதினெட்டாம் வளைவு
திங்கள், இரவு 8.55

கேள்விக்குறித் தம்பி, உன் கசப்போடு என்னுடையதையும் சேர்த்துக்கொள். நான் ஏற்காட்டில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். பாட்டி, அம்மா இருவரும் காப்பிப் பழம் பறித்தவர்கள்.

பாரி மகளிர் பாட்டை எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது ஆசிரியை கண்ணீர் விட்டார். 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்'. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்வராயன் மலை இருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடுகளில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதற்கு முன்பிருந்தே இந்த மலையில் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். 'எம் குன்றும் கொண்டார்' என்று அவர்கள் பாடியிருந்தால் யார் ஏட்டில் எழுதி வைத்திருப்பார்கள்? குன்றை இழந்த அரசகுமாரிகளின் பாட்டு நமக்கு வந்து சேர்ந்தது. குன்றை இழந்த மற்றவர்களின் பாட்டு வரவில்லை.

ஆனாலும் அந்தப் பாட்டை என்னால் உதறமுடியவில்லை. வளைவுச் சாலையில் பௌர்ணமி அன்று கடைசி பஸ்ஸில் வந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் நிலா ஒருமுறை வலப்பக்கம் வரும், ஒருமுறை இடப்பக்கம் போகும். அப்போது என்னையறியாமல் 'இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்' என்று வாய் முணுமுணுக்கும். நிலா அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே இருந்தவர்கள் இல்லை. ஐந்தே வரி. 'காலம்' என்ற சொல்லே அதில் கிடையாது.

இன்னொன்று சொல்லவேண்டும், இதற்கு வாத்தியார் ஐயா கோபிக்கக்கூடாது. தொடித்தலை விழுத்தண்டினாருக்காக எல்லாரும் உருகுகிறீர்கள். அவரோடு குளத்தில் ஆடிய பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்களும் கிழவிகளாகி எங்கேயோ இருமிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? கிழவன் தன் மூப்பை நினைத்தால் அது கையறுநிலை, இரங்கிப் பாடும் பாட்டு. கிழவியின் மூப்பு மட்டும் ஆண்களுக்கு எச்சரிக்கைப் பலகை. நாலடியாரில் இளமை நிலையாமை அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். வேற்கண்ணள் என்று இவளை விரும்பாதே, நாளை இவளே கூனிப்போய்க் கோலைக் கண்ணாகக் கொண்டு நடப்பாள் என்கிறார்கள். கோற்கண்ணளாம். சொல் நயத்துக்குக் குறைவில்லை. அந்தக் கோலைப் பிடித்திருக்கிற கிழவிக்கு என்ன தோன்றும் என்று ஒருவராவது கேட்டாரா?


நன்னூல் நாற்காலி
திங்கள், இரவு 10.20

கோபம் ஒன்றும் இல்லையம்மா. முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தால் நான் இன்னும் நல்ல ஆசிரியனாக ஆகியிருப்பேன்.

பாரி மகளிர் பாட்டில் ஒரு சிறு கவனிப்பு. முதல் பாதியில் தந்தை முன்னே, குன்று பின்னே: எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார். இரண்டாம் பாதியில் வரிசை தலைகீழ்: எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே. குன்றை முதலில் சொல்லி முடித்துவிட்டுத் தந்தையைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறார்கள். சொல்ல வாய் வராததைத் தள்ளிப் போடுகிறார்கள். அரசகுமாரியானாலும் லயத்துப் பெண்ணானாலும் சாவு வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குறித் தம்பிக்கு: 'சென்றதினி மீளாது' என்று பாடிய அதே பாரதி 1910இல் 'கனவு' என்ற தலைப்பில் தன் வாழ்க்கையைப் பாட்டாக எழுதினார். முகப்பில் பட்டினத்தார் வரியை வைத்தார்: 'பொய்யாய்ப் பழங்கதையாய்க் கனவாய் மெல்லப் போனதுவே'. பிள்ளைப் பருவத்துக் காதலை அதில் பாடியிருக்கிறார், தந்தை வறுமையுற்றதைப் பாடியிருக்கிறார். சென்றதைச் சிந்தை செய்யாதே என்று ஊருக்குச் சொன்னவரும் தன் வீட்டுக்குள் சென்றதைத்தான் சிந்தை செய்துகொண்டிருந்தார்.


கேள்விக்குறி
செவ்வாய், காலை 7.30

ஐயா, அதை அப்படி எடுத்துக்கொள்ளாமல் இப்படி எடுத்துக்கொள்ளலாமே: தான் விழுந்த குழியைப் பார்த்தவர்தான் அடுத்தவரை விழாதே என்று திட்டுவார். 'மூடரே' என்பதில் அவரும் ஒருவர்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் தாத்தாவுக்கு மன்னே இல்லை என்று எழுதிவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை. அவருக்குப் பறை அடிக்கத் தெரியும். வீட்டுப் பரணில் அந்தப் பறை இருந்தது, என் அப்பா அதை எடுத்துப்போய் யாரிடமோ கொடுத்துவிட்டார், இனி இந்த வீட்டில் இது வேண்டாம் என்று. அப்பா செய்தது சரி. எனக்கு அது வேண்டும்போல் இருப்பதும் சரி. இந்த இரண்டையும் ஒரே பாட்டில் சொன்னவர் யாராவது இருந்தால் எண் கொடுங்கள், படிக்கிறேன்.


பண்ணவாடிப் பரிசல்
செவ்வாய், காலை 9.05

எண் தெரியாது தம்பி. எங்கள் ஊர்க்கதை ஒன்று தெரியும்.

மேட்டூர் அணை 1934இல் திறந்தது. அதற்காக ஆற்றோரத்து ஊர்கள் காலியாயின. என் கொள்ளுப்பாட்டியின் ஊர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியின் தலை தெரியும், பிறகு உடம்பு தெரியும். தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். உடனே செய்தித்தாளில் படம் வரும், சேலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வருவார்கள், பரிசலுக்கு நல்ல வருமானம். நானும் ஓட்டியிருக்கிறேன்.

கொள்ளுப்பாட்டி ஒருமுறைகூடப் பார்க்க வரவில்லை. சிறுவனாக இருந்தபோது கையைப் பிடித்து இழுத்தேன். "உன் ஊர் தெரிகிறது பாட்டி, வா" என்றேன். அவள் சொன்னாள்: "என் ஊர் தெரிந்தால் கீழே இருக்கிறவன் பயிர் காய்கிறது என்று அர்த்தம். அது மூழ்கியே கிடக்கட்டும்." ஜூன் 12ஆம் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று வானொலியில் சொன்னால் அவளுக்கு அன்று முகம் தெளிந்திருக்கும்.

அவளுக்கு ஊர்மேல் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டுத் திண்ணையில் எத்தனை கல் என்பதுவரை சொல்வாள். ஆனால் கண்ணால் பார்க்க விரும்பவில்லை. தம்பி கேட்ட இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பாட்டாக யாரும் எழுதவில்லை.


டிக்கெட் கிழித்தவன்
செவ்வாய், காலை 9.40

இந்தப் பதிவை மூன்று முறை படித்துவிட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.


நன்னூல் நாற்காலி
செவ்வாய், இரவு 7.15

கேள்விக்குறித் தம்பிக்கு ஒரு பாட்டு கிடைத்தது. அவர் கேட்டதற்கு நேர்விடை அன்று, ஆனால் அவர் கோபத்துக்கு உறவு. குண்டலகேசி என்ற காப்பியமே அழிந்துவிட்டது, சில பாடல்கள்தான் எஞ்சின. காலம் கழிவதைப் பாடிய நூலைக் காலம் விழுங்கிவிட்டு, இந்தப் பாட்டை மட்டும் துப்பியிருக்கிறது:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் இயல்பும் இன்னே மேல்வரும் மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

கருவாக இருந்தவன் செத்தான், குழந்தை செத்தான், காளை செத்தான். தினந்தினம் செத்துக்கொண்டிருக்கிறோம், அப்போதெல்லாம் நமக்காக நாம் அழவில்லையே, இப்போது பிணத்தைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று கேட்கிறது. பௌத்த நூலுக்கே உரிய குளிர்ச்சி. முதல் இரண்டு அடிகளில் நான்கு முறை 'செத்தும்' என்று விழுவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.


கேள்விக்குறி
செவ்வாய், இரவு 7.50

இது வேண்டும். இது எனக்கு வேண்டும். 'துடுமென' குதித்த இளைஞன் அன்றைக்கே செத்துவிட்டான், கரை ஏறியவன் வேறொருவன். தொடித்தலை விழுத்தண்டினார் தேடுவது ஒரு பிணத்தை.


அம்மாப்பேட்டைத் தறி
செவ்வாய், இரவு 9.30

தம்பி, அங்கேதான் நான் உன்னோடு பிரிகிறேன். குண்டலகேசிப் பாட்டு அறிவுக்குச் சரி. ஆனால் உடம்பு அப்படி நம்புவதில்லை. அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல், நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யோசிப்பார். ஆனால் ஒரு நூலை அவர் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாகவே அதை முடிச்சுப் போடுகின்றன. அறுந்த இழையைப் பிணைக்கிற அதே முடிச்சு. பத்து வயதில் தறியில் உட்கார்ந்த பையன் செத்துப்போயிருந்தால் அந்த முடிச்சைப் போடுவது யார்?

குறளில் ஒருத்தி, தலைவன் போன நாட்களைச் சுவரில் கோடு கோடாக ஒற்றி எண்ணி எண்ணி விரல் தேய்ந்துபோனாள் என்று வரும். 'நாளொற்றித் தேய்ந்த விரல்'. காலம் எங்கே போயிற்று என்று கேட்டால் அவள் விரலைத்தான் நீட்டிக் காட்டுவாள். நாள் போய்விட்டது, தேய்மானம் இங்கேயே இருக்கிறது. தறிக்காரன் மகனுக்கு இது புரிகிற அளவுக்கு மற்றது புரியவில்லை.


பதினெட்டாம் வளைவு
புதன், மாலை 5.10

நாலடியாரைத் திட்டிவிட்டுப் போனேன் அல்லவா? திட்டுவதற்குச் சரியான பாட்டைத் தேடி அதே அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். மாட்டிக்கொண்டேன்.

'தன்கைக்கோல் அம்மனைக்கோல் ஆகிய ஞான்று.' பாட்டின் மற்ற வரிகள் வழக்கமான எச்சரிக்கைதான். தளர்ந்து, தலை நடுங்கி, தடி ஊன்றி விழப்போகிற இவள்மேலா மயங்குகிறீர்கள் என்று ஆண்களைக் கேட்கிறது. அதை விடுங்கள். கடைசி வரியைப் பாருங்கள். இவள் கையில் இருக்கிற கோல் இவளுடைய அம்மாவின் கோல். அம்மா ஊன்றி நடந்ததை இப்போது இவள் ஊன்றி நடக்கிறாள். இதைப் பாடிய சமணத் துறவிக்கு இது எப்படித் தெரிந்தது? கிழவிகள் இருக்கிற வீட்டில் அவர் எப்போதோ வாழ்ந்திருக்க வேண்டும்.

என் பாட்டியின் கோல் காப்பிச் செடியின் தண்டு. காப்பித் தண்டு வைரமாக இருக்கும், கவாத்தின்போது கழித்ததில் நேராக இருந்த ஒன்றை அவளே செதுக்கிக்கொண்டாள். இருபது வருடம் பழம் பறித்த செடியிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே சொத்து அதுதான் என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். பாட்டி போனபிறகு அது கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. போன மழைக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, நான் கடையில் வாங்கிவந்த அலுமினியக் கோலைத் தள்ளி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் கையை நீட்டினாள். அதன் பிடி பாட்டியின் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. அம்மாவின் கைக்கு அப்படியே பொருந்திற்று.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முழங்கால் வலி இருக்கிறது. அந்தக் கோலை இப்போது நான் பார்க்கிற பார்வையே வேறு.

ஆகவே நாலடியாரை முழுவதும் மன்னிக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.


கேள்விக்குறி
புதன், இரவு 8.20

அக்கா, பறையை அப்பா யாரிடம் கொடுத்தார் என்று இன்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தார். பிறகு ஓர் ஊர்ப்பெயர் சொன்னார். வாழப்பாடிப் பக்கம். போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.


பதினெட்டாம் வளைவு
புதன், இரவு 8.31

போய்ப் பார். வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று இல்லை.


அம்மாப்பேட்டைத் தறி
சனி, மாலை 6.45

தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்று அப்பாவுக்குப் பாட்டைப் படித்துக் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பு. சங்கத்தமிழ் புரியாது, ஆகவே பொருளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மருதமரம், கிளை, பெண்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். 'குளித்து மணற்கொண்ட' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மணல் எடுத்துக்கொண்டு வந்தானா? சரியான ஆள்தான்" என்றார். அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்களாம். மூழ்கி, ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து கரையில் விரித்துக் காட்டினால்தான் கணக்காம். இவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உரையில் நான் பத்து முறை படித்த வரி அது. எனக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. சாட்சிக்கு எடுத்துவந்த மணல் என்று இப்போதுதான் தெரிகிறது.

கேள்விக்குறித் தம்பி, உன் கேள்வியையும் கேட்டேன். எல்லாரும் அங்கே குதிப்பார்களா அப்பா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்களுக்குத் துறை வேறு. கீழ்ப்பக்கம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எங்கள் தண்ணீர்தான் அங்கே போகும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரே தொடங்கினார். "அந்தப் பாட்டுக்காரன் கூடக் குதித்தவர்கள் பெயரைச் சொல்லியிருக்கிறானா?" இல்லை என்றேன். "நான் சொல்வேன்" என்று ஏழு பெயர் சொன்னார். அப்பன் பெயரோடு, தெருவோடு. எழுதிக்கொண்டேன். ஐந்து பேர் இல்லை. ஒருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். ஒருவர் மட்டும் சேலம் குகைப் பகுதியில் இருக்கிறாராம். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு பல வருடம் ஆயிற்று. நாளை காலை அழைத்துப் போகிறேன். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.


டிக்கெட் கிழித்தவன்
சனி, மாலை 7.02

பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி மாறுங்கள். எந்த அடுக்கில் பஸ் நிற்கிறது என்று நேரக்காப்பாளரிடம் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், பெரியவரைத் தேவையில்லாமல் படி ஏற்றி இறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குமேல் கூட்டம், அதற்குள் கிளம்பிவிடுங்கள். நடத்துநரிடம் சொன்னால் முன் இருக்கை கொடுப்பார். தடியைக் கம்பிக்கு உட்பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெளியே நீட்டவேண்டாம்.